ஒரு பிடி அரிசி: கொடுத்தவர்களுக்குக் கிடைத்தது என்ன?



அன்பின் உறவுகளே, கொஞ்சம் நீண்ட பதிவு இது. ஒரு பிளேன்டீயோடு ஆறுதலாக வாசியுங்கள். வகுப்பில் ஒரு மாணவன் கேட்ட கேள்விக்கு நாற்பது நிமிடப் பாடவேளைக்குள் பதில் சொல்லி முடிக்க முடியவில்லை. மிச்சத்தை இங்கே எழுதுகிறோம்.

2025 ஏப்ரல் மாதத்தைக் கண்டியில் இருக்கும் யாரும் மறந்திருக்க மாட்டோம். ஸ்ரீ தலதா வந்தனாவ. 18ஆம் திகதி தொடங்கி 27ஆம் திகதி வரை, பத்து நாட்கள். 2009க்குப் பிறகு, 16 வருடங்கள் கழித்து, புனித தந்த தாது மக்கள் நேரில் கண்டு வணங்குவதற்காக வைக்கப்பட்டது. நாட்டின் எல்லா மூலைகளிலிருந்தும் சனம் வந்தது. நம் சின்ன நகரம் தாங்கக்கூடியதை விடப் பல மடங்கு சனம். வரிசை கிலோமீற்றர் கணக்கில் நீண்டது. கைக்குழந்தையோடு தாய்மார், பொல்லு ஊன்றிய முதியவர்கள், வெள்ளை உடுத்த பிள்ளைகள் எல்லோரும் பகல் வெயிலிலும் இரவுக் குளிரிலும் வீதியோரத்திலேயே கிடந்தார்கள்.

அப்போது நகரத்துப் பள்ளிவாசல்கள் கதவைத் திறந்தன. தண்ணீர், தேநீர், மரக்கறிச் சோறு, கழிவறை, இரவில் கால் நீட்டிப் படுக்க ஓர் இடம். பெரிய திட்டம் போட்டுச் செய்ததல்ல. முதல் நாள் வாசலில் நின்ற ஒரு தாய் "மகன், கழிவறை எங்கே?" என்று கேட்டாள். அங்கிருந்து தொடங்கியதுதான் எல்லாம்.

எங்கள் மாணவர்கள் பலர் அந்த நாட்களில் பள்ளிகளில் நின்றார்கள். விடுமுறை முடிந்து பாடசாலை தொடங்கியதும் தரம் 10 பையன் ஒருவன் எழும்பிக் கேட்டான்:

"சேர், மூணு நாளு ஒழுங்கா நித்திரையே இல்ல. கால் ரெண்டும் வீங்கிட்டு. ஆனா அந்த மூணு நாளு மாதிரி சந்தோஷமா நான் இருந்ததே இல்ல. அது ஏன் சேர்?"

வகுப்பு சிரித்தது. அவன் சிரிக்கவில்லை.

வரலாறு படிப்பிப்பவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. எதைக் கேட்டாலும் முந்நூறு வருடம் பின்னால் போவோம். அன்றும் அப்படித்தான் போனோம்.

*

ஒரு கைதி எழுதி வைத்த பக்கம்

ரொபர்ட் நொக்ஸ் என்ற பெயரைப் பாடப்புத்தகத்தில் எல்லோரும் படித்திருப்போம். ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பனியின் கப்பலில் தகப்பனோடு வந்த இளைஞன். 1660இல் திருகோணமலைக்குப் பக்கத்தில் கொட்டியாரத்தில் இரண்டாம் இராஜசிங்க மன்னரின் ஆட்கள் அவர்களைப் பிடித்துக் கண்டி இராச்சியத்துக்குக் கொண்டுவந்தார்கள். தகப்பன் காய்ச்சலில் இறந்து போனார். மகன் 19 வருடங்களுக்கு மேல் இந்த மலைநாட்டில் இருந்தான். தொப்பி பின்னி விற்றான். பிறகு நெல்லை வட்டிக்குக் கொடுத்து வாழ்ந்தான். 1679இல் தப்பி ஓடினான். 1681இல் இலண்டனில் இலங்கையைப் பற்றிய அவனது புத்தகம் வெளிவந்தது.

நெல்லை வட்டிக்குக் கொடுத்த ஆள் என்பதைக் கவனியுங்கள். ஊராரைச் சும்மா புகழும் ஆளல்ல. பல இடங்களில் நம் நாட்டவரைத் திட்டியும் எழுதியிருக்கிறான். அப்படிப்பட்டவன் ஒரு விடயத்தில் மட்டும் அசந்து போகிறான். இந்தச் சனத்தின் கொடுக்கும் குணம்.

அவன் கண்டது இதுதான். அடுப்பில் உலை வைக்க அரிசி அளக்கும்போது, வீட்டுப் பெண் அதிலிருந்து ஒரு பிடியை எடுத்துத் தனியாக ஒரு பையில் போட்டு வைப்பாள். ஒவ்வொரு நேரமும் அப்படியே. அதற்கு அவன் கேட்டெழுதிய சிங்களப் பெயர் 'மிட்ட ஹால்', அதாவது பிடி அரிசி. அந்த அரிசி வீட்டுக்கு இல்லை. வாசலுக்கு வரும் ஏழைக்கு, அல்லது அவள் மனம் யாருக்குக் கொடுக்கச் சொல்கிறதோ அவருக்கு.

இதை வாசித்தபோது வகுப்பில் ஒரு பிள்ளை உடனே சொன்னாள்: "சேர், எங்கட உம்மும்மாவும் இதத்தானே செய்வா!"

அதே பிடி அரிசிதான். நம் ஊர்களில் மத்ரஸாவுக்கும் பள்ளிக்கும் என்று உம்மும்மாமார் தகரப் பேணியில் சேர்த்து வைத்த அந்தப் பிடி அரிசி. வெள்ளிக்கிழமையில் ஒரு பையன் சாக்கோடு வருவான், பேணியைக் கவிழ்த்துக் கொடுப்பார்கள். சிங்கள வீட்டு அடுப்படியிலும் முஸ்லிம் வீட்டு அடுப்படியிலும் ஒரே கை, ஒரே அளவு. யாரிடமிருந்து யார் பழகினார்கள் என்று கேட்டுக்கொண்டிருக்கத் தேவையில்லை. அரிசி சமைக்கும் நாட்டில் கொடுக்க நினைப்பவளின் கை தானாகவே கண்டுபிடித்த அளவு அது.

அந்தப் பக்கத்திலேயே நொக்ஸ் நம்மைப் பற்றியும் எழுதியிருக்கிறான். கண்டியில் 'மூர்'களுக்கு ஒரு வணக்கத்தலம் இருந்ததாம். முன்பிருந்த ஒரு மன்னர், காணி வைத்திருக்கும் ஒவ்வொருவரும் அதற்கு ஒரு பணம் கொடுக்க வேண்டும் என்று உரிமை வழங்கியிருந்தாராம். நம்மவர்கள் வீடு வீடாகப் போய் வாங்குவார்களாம். கதவு பூட்டியிருந்தால் உடைத்துக்கொண்டு போய், அந்தப் பெறுமதிக்குப் பொருளை எடுக்கவும் அதிகாரம் இருந்ததாம்! தொலஸ்பாகைப் பக்கத்து ஆட்கள் மட்டும் வந்தவர்களை அடித்து விரட்டியதால், அந்தப் பகுதி அந்த வரியிலிருந்து தப்பியதாம்.

வகுப்பு விழுந்து விழுந்து சிரித்தது. ஆனால் இந்த இரண்டையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ஒரே பக்கத்தில் இரண்டு விதமான கொடுத்தல். ஒன்று, கதவை உடைத்து வாங்கும் பணம். மற்றது, யாரும் கேட்காமல் யாரும் பார்க்காமல் பைக்குள் விழும் ஒரு பிடி அரிசி. இந்தப் பதிவின் கடைசியில் இதற்குத் திரும்பி வருவோம்.

*

முதலில் நாம் வாங்கியவர்கள்

இந்த மலைநாட்டில் நம் வரலாறு கொடுத்ததில் அல்ல, வாங்கியதில்தான் தொடங்குகிறது. இதைச் சொல்ல நாம் வெட்கப்படத் தேவையில்லை.

1626இல் போர்த்துக்கேயர் தங்கள் ஆட்சிப் பகுதிகளிலிருந்து முஸ்லிம்களை வெளியேற்றியபோது இடம் கொடுத்தவர் கண்டி மன்னர் செனரத். பெருந்தொகையானோரை மட்டக்களப்புப் பக்கம் குடியமர்த்தினார். மலைநாட்டுக்குள்ளும் நம்மவர்கள் வேரூன்றினார்கள். மன்னரின் மருத்துவர்களாக இருந்தார்கள். 'மடிகே' என்ற போக்குவரத்துப் பகுதியில் பொதிமாடு ஓட்டினார்கள். கரையிலிருந்து உப்பும் கருவாடும் மேலே ஏறின. மலையிலிருந்து பாக்கும் மிளகும் கீழே இறங்கின. பேராசிரியர் லோர்னா தேவராஜா 1994இல் வெளியிட்ட இலங்கை முஸ்லிம்கள் பற்றிய நூலில் இதையெல்லாம் விரிவாக எழுதியிருக்கிறார். பௌத்த விகாரையின் காணியிலிருந்து பள்ளிவாசலுக்குப் பங்கு கொடுக்கப்பட்ட செய்தியும் அதில் உண்டு.

அந்தப் பொதிமாட்டுக்காரர்கள் இரவில் எங்கே படுத்தார்கள்? அம்பலத்தில். கடுகண்ணாவையில் இன்றும் நிற்கிறதே, அதுபோன்ற அம்பலங்களில். தாகத்துக்கு என்ன குடித்தார்கள்? வழியோரத்தில் கிராமத்தவர்கள் நிரப்பி வைத்த 'பின் தாலிய' மண்பானைத் தண்ணீரை. 'பின்' என்றால் புண்ணியம். யாழ்ப்பாணத்தில் தண்ணீர்ப் பந்தலும் சுமைதாங்கியும் என்ன செய்தனவோ, இங்கே அதை அம்பலமும் பின் தாலியவும் செய்தன.

பானையை நிரப்பி வைத்தவளுக்கு அதைக் குடித்தவன் யார் என்று தெரியாது. குடித்தவன் எந்த மதம் என்று பானைக்கும் தெரியாது. ஆனால் தினமும் காலையில் ஊற்றிலிருந்து தண்ணீர் சுமந்து வந்து அதை நிரப்பினாள். அவளுக்கு அதில் என்ன கிடைத்தது? நம் மாணவனின் கேள்வியும் இதுதான்.

*

உடைந்த நாட்கள்

வரலாறு என்றால் இனிப்பை மட்டும் பரிமாறக் கூடாது.

1915 மே 28ஆம் திகதி இரவு. வெசாக். இதே கண்டி நகரம். காசல் ஹில் வீதிப் பள்ளிவாசலுக்கு முன்னால் பக்திப்பாடல் ஊர்வலம் போவது பற்றிய தகராறு கலவரமாக வெடித்தது. சில நாட்களில் பல மாகாணங்களுக்கும் பரவியது. உயிர்கள் போயின. 4,000க்கும் மேற்பட்ட கடைகள் சூறையாடப்பட்டன. அதன்பின் ஆங்கிலேயர் போட்ட இராணுவச் சட்டத்தில் சிங்கள மக்கள் பலர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். இரு பக்கமும் இழந்தது.

பிறகு 2018 மார்ச். இதைப் புத்தகத்தில் தேட வேண்டியதில்லை. தெல்தெனியவில் நம் பக்கத்து இளைஞர்கள் சிலர் தாக்கியதில் ஒரு லொறிச் சாரதி இறந்து போனார். அது அநியாயம். அதற்குப் பதில் என்று திகனையிலும் கெங்கல்லையிலும் அக்குறணையிலும் கட்டுகஸ்தோட்டையிலும் அதற்கு எந்தச் சம்பந்தமும் இல்லாதவர்களின் வீடும் கடையும் பள்ளியும் எரிந்தன. அதுவும் அநியாயம். மார்ச் 6ஆம் திகதி அவசரகாலச் சட்டம் வந்தது. அந்த இரவுகளில் முஸ்லிம் குடும்பங்களைத் தங்கள் வீட்டுக்குள் வைத்துக் காத்த சிங்கள அயலவர்களும் இருந்தார்கள். வாசலில் வந்து நின்ற பிக்குமாரும் இருந்தார்கள். அதையும் சேர்த்தே நினைவில் வைப்போம்.

எங்களுக்குத் தெரிந்த ஒரு பெரியவர் அப்போது கடையை இழந்தார். பெயரும் ஊரும் வேண்டாம். ஊரெல்லாம் உதவி வந்தது. உலர் உணவுப் பொதி, மெத்தை, பாத்திரம், பணம். உதவிக்குக் குறைவில்லை. ஆனால் மனிதர் நாளுக்கு நாள் ஒடுங்கிப் போனார். பிரஷர் ஏறியது. சீனி ஏறியது. கிளினிக் கொப்பி தடித்துக்கொண்டே போனது. ஒருநாள் பார்க்கப் போனபோது கையை விரித்துக் காட்டிச் சொன்னார்:

"முப்பது வருஷமா இந்தக் கை மேல தான் இருந்திச்சு மகன். இப்ப கீழ வந்திட்டு. சோறு இறங்குதில்ல."

கஷ்டம் வந்தால் வாங்குவதில் எந்தக் குறையும் இல்லை. ஆனால் வாங்கிக்கொண்டே இருக்கும் நிலைமை ஒரு மனிதனை உள்ளுக்குள் என்ன செய்யும் என்பதை அன்று பார்த்தோம். அதற்குப் பின் 2019 வந்தது. சந்தேகப் பார்வை வந்தது. கொரோனாக் காலம் வந்தது. ஜனாஸாக்கள் எரிக்கப்பட்டன. ஒரு சமூகமே அந்தப் பெரியவரைப் போலக் கையை மடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

*

சீனி அளந்த கை

2025 ஏப்ரலில் அந்தப் பெரியவரை யாரோ ஒரு பையன் கூட்டிக்கொண்டு வந்து தேநீர் அண்டாவுக்குப் பக்கத்தில் உட்கார வைத்தான். "வாப்பா, சீனிய நீங்க பாத்துக்கங்க" என்றான். அவ்வளவுதான் வேலை. எத்தனை குடத்துக்கு எத்தனை கோப்பை சீனி என்று கணக்குப் பார்ப்பது. முப்பது வருடம் கடை நடத்திய ஆள். கணக்குப் பிசகவே இல்லை.

இரவு இரண்டு மணிக்கு மொனராகலையிலிருந்து வந்த ஒரு வயதான அம்மா தேநீரைக் குடித்துவிட்டு, இரண்டு கையையும் கூப்பி அவரைப் பார்த்து ஏதோ சொன்னாள். இவருக்கும் சிங்களம் தண்ணீர் பட்ட பாடு. பதில் சொன்னார். இருவரும் மூட்டுவலியைப் பற்றி அரை மணி நேரம் பேசிக்கொண்டிருந்தார்கள்.

அடுத்த நாள் கேட்டோம், எப்படி இருக்கிறது என்று.

"ஏழு வருஷத்துக்குப் பொறகு நல்லா நித்திர வந்திச்சு" என்றார்.

ஏழு வருடம். 2018இலிருந்து 2025 வரை. அந்த அம்மாவுக்கு ஒரு கோப்பைத் தேநீர் கிடைத்தது. அவருக்கு அவருடைய கை திரும்பக் கிடைத்தது. யார் யாருக்கு உதவி செய்தது என்று நீங்களே சொல்லுங்கள்.

*

ஆய்வுகள் என்ன சொல்கின்றன?

மாணவனுக்கு இந்தக் கதை போதவில்லை. "அது மனசு சேர். உடம்புக்கு என்ன நடக்குது?" என்றான். சரி, விஞ்ஞானப் பாடத்துக்கும் போவோம்.

முதலில் காசு. 2008இல் கனடாவில் எலிசபெத் டன் என்ற பேராசிரியையும் அவரது குழுவினரும் 46 பேரைத் தெரிந்தெடுத்தார்கள். காலையில் சிலருக்கு 5 டொலர், சிலருக்கு 20 டொலர். பாதிப் பேரைத் தங்களுக்கே செலவழிக்கச் சொன்னார்கள். மற்றவர்களை வேறு யாருக்காவது செலவழிக்கச் சொன்னார்கள். மாலையில் கேட்டபோது மற்றவருக்குச் செலவழித்தவர்களே கூடுதல் சந்தோஷமாக இருந்தார்கள். இன்னொன்று, 5 டொலரா 20 டொலரா என்பதில் வித்தியாசம் இல்லை. தொகை முக்கியமில்லை. நம் உம்மும்மா ஏன் ஒரு மூடையைக் கொடுக்காமல் ஒரு பிடியைக் கொடுத்தாள் என்பது இப்போது விளங்குகிறதா?

அடுத்தது வயதானவர்கள். அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் ஸ்டெபனி பிரவுன் 2003இல் வெளியிட்ட ஆய்வு. 423 வயோதிபத் தம்பதிகளை ஐந்து வருடம் தொடர்ந்து கவனித்தார்கள். அயலவர்களுக்கும் நண்பர்களுக்கும் உறவினர்களுக்கும் சின்னச் சின்ன உதவி செய்தவர்கள், செய்யாதவர்களை விடக் குறைவாகவே இறந்திருந்தார்கள். உதவி வாங்கியதால் ஆயுள் கூடியதாகத் தெரியவில்லை. கொடுத்ததில்தான் வித்தியாசம் தெரிந்தது.

சரியான கேள்வி ஒன்றை ஒரு மாணவி கேட்டாள்: "சுகமா இருக்கிறவங்கதானே சேர் உதவி செய்யப் போவாங்க? அப்ப எது முதல்?" உண்மை. ஆய்வாளர்களுக்கும் அந்தச் சந்தேகம் உண்டு. முன்பிருந்த உடல்நிலையையும் கணக்கில் எடுத்துத்தான் அவர்கள் பார்த்தார்கள். அப்படியிருந்தும் அது தொடர்பைக் காட்டும் ஆய்வுதான், முழு நிரூபணம் அல்ல.

அதனால்தான் மூன்றாவது ஆய்வு நம் வகுப்புக்கு முக்கியம். கனடாவின் வன்கூவர் நகரில் ஹன்னா ஷ்ரையரும் குழுவினரும் 2013இல் வெளியிட்டது. எங்கள் பிள்ளைகளின் வயதுள்ள 106 மாணவர்கள். குலுக்கல் முறையில் இரண்டு பிரிவாகப் பிரித்தார்கள். ஆகவே சுகமானவர்கள் ஒரு பக்கம் சேர்ந்துவிட்டார்கள் என்று சொல்ல முடியாது. ஒரு பிரிவினர் பத்து வாரம், வாரத்துக்கு ஒருமுறை ஆரம்பப் பாடசாலைச் சிறுவர்களுக்கு உதவினார்கள். மற்றவர்கள் காத்திருந்தார்கள். பிறகு இரத்தம் சோதித்தார்கள். உதவியவர்களின் கொலஸ்ட்ரோல் குறைந்திருந்தது. உடலுக்குள் அழற்சியைக் காட்டும் ஒரு பொருளும் குறைந்திருந்தது. நிறையும் ஒப்பீட்டளவில் குறைவு. மற்றவர்மேல் இரக்கம் யாருக்கு அதிகம் கூடியதோ, அவர்களின் உடம்பில்தான் மாற்றமும் அதிகம்.

ஏன் அப்படி? எளிதாகச் சொன்னால், கவலைப்படும்போது நம் உடம்பு எந்நேரமும் அடிவாங்கப்போகும் ஆளைப் போல இறுகி நிற்கிறது. இதயம் வேகமாக அடிக்கிறது, பிரஷர் ஏறுகிறது, நித்திரை ஓடிப்போகிறது. இன்னொருவரின் தேவையில் கவனம் போகும்போது அந்த இறுக்கம் தளர்கிறது. நாலு பேரோடு சேர்ந்து நிற்கிறோம். தனிமை விலகுகிறது. "நாமும் ஒருவருக்குத் தேவைப்படுகிறோம்" என்ற நினைப்பு வருகிறது. வயதானவர்களுக்கும், அடிபட்டவர்களுக்கும், ஓய்வு பெற்றவர்களுக்கும் மாத்திரை கொடுக்க முடியாத ஒன்று அந்த நினைப்பு.

*

பணமா, பிடி அரிசியா?

இனி நொக்ஸின் அந்தப் பக்கத்துக்குத் திரும்புவோம்.

தலதா வந்தனாவ முடிந்த கையோடு நமக்குள் ஒரு பேச்சு எழும்பியது. எல்லோருக்கும் தெரியும். "இனி நம்மை அடிக்க மாட்டார்கள்", "நாம யாரென்று காட்டிவிட்டோம்" என்ற பேச்சு. சில இடங்களில் தண்ணீர்ப் போத்தலை விட பேனர் பெரிதாக இருந்தது. கையில் சோற்றுப் பார்சலை வைத்துக்கொண்டு, வாங்குபவரின் முகத்தைக் கமெராப் பக்கம் திருப்பியவர்களும் இருந்தார்கள்.

உறவுகளே, அடி விழாமல் இருப்பதற்காகக் கொடுப்பது ஸதக்கா அல்ல, கப்பம். அது நொக்ஸ் சொன்ன அந்தப் 'பணம்' போலத்தான். அன்று அது கதவை உடைத்து வாங்கப்பட்டது. இன்று பயம் உள்ளேயிருந்து கதவைத் தட்டி வாங்குகிறது. அப்படிக் கொடுத்தவன் நாளை ஒரு கல் விழுந்தால் "இவ்வளவு கொடுத்தும் இப்படியா?" என்று நெஞ்சு வெடித்துப் போவான். பிடி அரிசி போட்டவளுக்கு அந்த ஏமாற்றம் இல்லை. அவள் எதையும் எதிர்பார்த்துப் போடவில்லை.

இதிலும் ஓர் ஆய்வு இருக்கிறது. சாரா கொன்ராத் என்பவரும் குழுவினரும் 2012இல் வெளியிட்டார்கள். தொண்டு செய்த வயோதிபர்களிடம் ஏன் செய்தீர்கள் என்று கேட்டு, அவர்களை நான்கு வருடம் தொடர்ந்து பார்த்தார்கள். மற்றவர்களுக்காகச் செய்தவர்கள் கூடுதலாக உயிர் வாழ்ந்தார்கள். தங்களுக்கு என்ன கிடைக்கும் என்று செய்தவர்களுக்கும் ஒன்றுமே செய்யாதவர்களுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை.

நமக்கு இது புதிதா? சின்ன வயதில் ஓதப் போனபோதே முதலில் படித்தது நிய்யத்தைத்தானே.

ஆகவே இந்தப் பதிவில் ஒரு சிக்கலும் இருக்கிறது, மறைக்கவில்லை. "கொடுத்தால் சுகம் வரும்" என்று எழுதிவிட்டு, "சுகத்துக்காகக் கொடுக்காதீர்கள்" என்றும் சொல்கிறோம். நித்திரையும் இப்படித்தான். வர வேண்டும் என்று பிடித்து இழுத்தால் வராது. நாள் முழுக்க வேலை செய்துவிட்டுப் படுத்தால் தானாக வரும்.

*

அடுப்படியில் நின்றவர்கள்

இன்னும் ஒன்று சொல்லாவிட்டால் இந்தப் பதிவு அரைகுறை.

அந்தப் பத்து நாட்களும் வாசலில் நின்று கொடுத்தவர்கள் பெரும்பாலும் ஆண்கள். படங்களிலும் அவர்களே. ஆனால் விடியற்காலை மூன்று மணிக்கு எழும்பிப் போஞ்சி வெட்டியது யார்? பருப்பு அவித்தது யார்? சம்பலுக்குத் தேங்காய் திருவியது யார்? நொக்ஸ் என்ற கைதிக்குக்கூட 350 வருடங்களுக்கு முன் தெரிந்திருந்தது, கொடுக்கும் கை அடுப்படியில் இருக்கும் பெண்ணின் கை என்று. நமக்குச் சில நேரம் மறந்து போகிறது.

கொடுப்பதில் சுகம் இருக்கிறது என்றால் அதற்கு ஓர் எல்லையும் இருக்கிறது. 1999இல் அமெரிக்காவில் வெளிவந்த ஓர் ஆய்வு: நோயாளித் துணையை வீட்டில் பராமரிக்கும் வயோதிபர்களில், அதனால் மனம் நொந்து களைத்துப் போனவர்கள் நான்கு வருடங்களுக்குள் இறக்கும் வாய்ப்பு 63 வீதம் அதிகமாக இருந்தது. விருப்பமும் ஓய்வும் துணையும் இல்லாத பணிவிடை மருந்தல்ல, நோய்.

படுக்கையில் கிடக்கும் மாமியை வருடக்கணக்கில் தனியாகப் பார்க்கும் ஒரு மருமகள் நம் ஒவ்வொரு மஹல்லாவிலும் இருக்கிறாள். அவளிடம் போய் "கொடுத்தால் சுகம் வரும்" என்று பயான் பண்ணாதீர்கள். வாரத்தில் ஒரு பின்னேரம் போய் அந்தக் கட்டிலுக்குப் பக்கத்தில் நீங்கள் உட்காருங்கள். அவள் கொஞ்சம் வெளியே போய் வரட்டும். உண்மையான பிடி அரிசி அதுதான்.

*

பேணியை மீண்டும் வைப்போம்

2025 நவம்பர் கடைசியில் டித்வா வந்தது. நாடெங்கும் 600க்கும் மேற்பட்ட உயிர்கள் போயின. மிகக் கடுமையாக அடிபட்ட மாவட்டங்களில் ஒன்று நம் கண்டி. மலை சரிந்தது, கம்பளை மூழ்கியது. கேள்வி கேட்ட அந்தப் பையன் ஒரு மண்வெட்டியோடு கம்பளைக்குப் போனான். யாருடைய வீட்டுச் சேற்றை அள்ளினாய் என்று கேட்டோம். "தெரியாது சேர். ஒரு வயசான ஆள். பேர் கேக்க மறந்திட்டன்" என்றான்.

அவனுக்கு அவனுடைய கேள்விக்கான பதில் கிடைத்துவிட்டது என்று நினைக்கிறோம். இப்போது அவன் அந்தக் கேள்வியைக் கேட்பதில்லை.

எங்கள் வகுப்பில் இப்போது ஒரு பேணி இருக்கிறது. பிள்ளைகள் திங்கட்கிழமைகளில் வீட்டிலிருந்து ஒரு பிடி அரிசி கொண்டு வருகிறார்கள். ஒரு பிடிக்கு மேல் வாங்குவதில்லை. யார் போட்டார், யார் போடவில்லை என்று எழுதுவதும் இல்லை. மாதக் கடைசியில் அது எந்த வீட்டுக்குப் போகிறது என்பது இரண்டு பேருக்கு மட்டும்தான் தெரியும். படம் எடுப்பதில்லை. அதனால் இந்தப் பதிவிலும் படம் இல்லை.

உங்களிடம் கேட்பது இரண்டே இரண்டு.

ஒன்று, உங்கள் வீட்டில் அல்லது பக்கத்து வீட்டில், பிள்ளைகள் கொழும்புக்கும் கட்டாருக்கும் போய்விட, மருந்துப் பெட்டியோடு தனியாக உட்கார்ந்திருக்கும் வாப்பாவோ உம்மாவோ இருப்பார். அவருக்கு உதவி மட்டும் கொண்டு போகாதீர்கள். ஒரு வேலையும் கொண்டு போங்கள். பள்ளியில் கஞ்சி காய்ச்சும் நாளில் உப்புப் பார்க்கவாவது கூப்பிடுங்கள். சின்னப் பிள்ளைக்குக் கணக்குச் சொல்லிக் கொடுக்கவாவது கேளுங்கள்.

இரண்டு, அடுப்படியில் ஒரு பேணி வையுங்கள். அரிசி அளக்கும்போது ஒரு பிடி. அது யாருக்குப் போகும் என்று இப்போதே தீர்மானிக்க வேண்டாம். வாசலுக்கு வருபவரை அல்லாஹ் அனுப்புவான்.

மூத்தவர்கள் யாருக்காவது உங்கள் ஊரில் பிடி அரிசி சேர்த்த நினைவு இருந்தால், எந்தப் பேணியில், எந்த நாளில், யார் வந்து எடுத்தார்கள் என்று கீழே எழுதுங்கள். பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்டுவோம். 350 வருடத்துக்கு முன் ஒரு வெளிநாட்டுக் கைதி எழுதி வைத்ததை, நம் வாயால் நாமும் ஒருமுறை எழுதி வைப்போம்.

அல்லாஹ் நம் கைகளை விரித்தே வைத்திருக்கட்டும். வஸ்ஸலாம்.